முறை, முன்னுரிமை, காத்திருப்பு

ஓரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையை ஒட்டி ஒரு கிராமம். ஏர் ஓய்ந்து வாடகை அறைகள் முளைத்த பல ஊர்களில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு மாடி அறையில் ஆறு பேர். நாலு பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், இரண்டு பேர் பயிற்சித் தொழிலாளர்கள். செய்யாறு, திட்டக்குடி, மதுராந்தகம் என்று ஊர்கள்; ஒருவர் மட்டும் ஒடிஷா. உள்ளூர் கேபிள்காரரிடம் வாங்கிய ஒரே இணைய இணைப்பு. மாதக் காசை ஆறாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்க, பகல் ஷிப்ட்காரர் கிளம்ப, பாய்களைப் போலவே அந்த இணைப்பும் ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கும்.

ஒருவர் வீடியோ ஏற்ற ஆரம்பித்தால் இன்னொருவருடைய பேச்சு அறுந்துபோகிறது என்பதுதான் புகார். படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் படித்தது தமிழ் எம்.ஏ. என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். ஹை, மீடியம், லோ என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொரு போனையும் ஏதாவது ஒரு கட்டத்தில் போட வேண்டும்.

“யார மேல போடறதுண்ணே?”

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நடந்ததை ஒரு அரசியல் விவாதம் என்றே சொல்வேன். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் மேலே இருக்கட்டும் என்றார் ஒருவர். டிப்ளமோ பரீட்சையை ஆன்லைனில் எழுதும் பையன்தான் மேலே என்றார் இன்னொருவர். ஒடிஷாக்காரர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பார்த்துப் பேசினால்தான் உண்டு. யாரும் தன்னை லோவில் போடச் சம்மதிக்கவில்லை. கடைசியில் செய்யாறு பையன் சொன்னான்: “எல்லாரையும் ஹைல போட்டுருங்கண்ணே.” போட்டோம். எதுவும் மாறவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு 1965இலேயே பதில் எழுதப்பட்டிருக்கிறது. லியோனார்ட் கிளைன்ராக் என்ற அமெரிக்கர் வரிசைகளின் கணிதத்தில் வேலை செய்தவர். பின்னால் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராக அறியப்பட்டவர். அவர் நிறுவியதைப் பாமரத்தனமாக இப்படிச் சொல்லலாம். ஒரே வாசல். வேலை இருக்கும்போது சும்மா நிற்காத வாசல். அதன் முன்னால் வரிசையை நீங்கள் எப்படி மாற்றி அடுக்கினாலும், அவரவர் சுமைக்கேற்ப எடைபோட்டுக் கூட்டிய மொத்தக் காத்திருப்பு மாறாது. ஒருவருடைய காத்திருப்பைக் குறைத்தால் அது அப்படியே இன்னொருவர் தலையில் ஏறும். முன்னுரிமை வேகத்தை உற்பத்தி செய்வதில்லை. காத்திருப்பை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். ‘அதிவேக முன்னுரிமை பேக்கேஜ்’ என்று விளம்பரம் வரும்போது, அந்த வேகம் யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று கேட்பதற்கு இந்தக் கணிதம் நமக்கு உரிமை தருகிறது. இதற்குப் பூக்கோவைக் கூப்பிட வேண்டியதில்லை. கடற்படைத் தளவாட ஆய்விதழ் ஒன்றில் வந்த கணிதக் கட்டுரையே போதும்.

பகிர்ந்த கம்பியில் யார் முதலில் என்ற கேள்வி கம்பியோடு கூடப் பிறந்தது. 1865இல் பாரிசில் கையெழுத்தான சர்வதேசத் தந்தி ஒப்பந்தம் தந்திகளை அரசுத் தந்தி, தந்தித்துறைத் தந்தி, தனியார் தந்தி என்று பிரித்து அரசுத் தந்தியை முன்னால் நிறுத்தியது. நம் நாட்டுத் தந்தி ஆபீஸ்களிலும் அரசுத் தந்திக்குத்தான் முதலிடம், அதற்கப்புறம் கூடுதல் காசு கொடுத்த ‘எக்ஸ்பிரஸ்’, அப்புறம்தான் சாதா. 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது.

டிரங்க் கால் காலத்தை நம் அப்பாக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று தட்டுகள். கட்டணம் பல மடங்காக ஏறும். சாவுச் செய்தியைச் சொல்ல வந்தவரும் சாதாக் கட்டணத்தில் புக் செய்தால் சாதாக்காரர்தான்; சரக்கு விலை கேட்கும் மொத்த வியாபாரி லைட்னிங் போட்டுத் தாண்டிப் போய்விடுவார். அவசரம் என்பது செய்தியின் குணமாக இல்லாமல் பையின் கனமாக மாறிப்போன இடம் அது. தொலைபேசி இணைப்புக்கே வருடக்கணக்கில் காத்திருந்த நாட்களில், பெரிய முன்பணம் கட்டியவருக்கு ‘ஓ.ஒய்.டி.’ என்று தனி வரிசை இருந்தது. எஸ்.டி.டி. பூத் வந்த பிறகு இரவு ஏறஏறக் கட்டணம் குறைந்தது. மலிவு நேரத்துக்காகக் கூலிக்காரர்கள் பூத் வாசலில் தூக்கக் கலக்கத்தோடு நின்றார்கள். காசில்லாதவர் தன் தூக்கத்தைக் கொடுத்து வரிசையில் இடம் வாங்கினார் எனலாம்.

இணையம் இதையெல்லாம் ஒழித்துவிட்டது என்ற ஒரு கதையாடல் உண்டு. எல்லாப் பாக்கெட்டும் சமம், வந்த வரிசையில் போகும், அனுப்பியவர் ஜனாதிபதியா சலவைத் தொழிலாளியா என்று கம்பிக்குத் தெரியாது என்பார்கள். 1981 செப்டம்பரில் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்தைப் பார்த்தால் இந்தக் கதை ஆட்டம் காண்கிறது. செய்தியைத் துண்டுதுண்டாக வெட்டி அனுப்புகிறார்கள். அந்தத் துண்டுதான் பாக்கெட். ஒவ்வொன்றின் நெற்றியிலும் முகவரி எழுதும் தலைப்பகுதி இருக்கிறது. அதில் மூன்று பிட் இடம் அந்தஸ்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. எட்டுப் படிகள். அடியில் ‘ரொட்டீன்’; அதற்கு மேல் ‘பிரயாரிட்டி’, ‘இமீடியட்’, ‘பிளாஷ்’, ‘பிளாஷ் ஓவர்ரைடு’ என்று ஏறும். இவை அமெரிக்க ராணுவத்தின் சொற்கள். அவர்களுடைய ஆட்டோவான் தொலைபேசியில் இதற்காகவே நாலு கூடுதல் பொத்தான்கள் இருந்தன. மேல்நிலைக்காரர் பொத்தானை அழுத்தினால் கீழ்நிலைக்காரர் பேசிக்கொண்டிருக்கும் லைன் அறுபட்டு இவருக்கு வந்துவிடும். சமத்துவத்தின் ஊடகம் என்று கொண்டாடப்பட்டதன் நெற்றியில் பிறவியிலேயே தளபதி, சிப்பாய் என்று எழுதும் இடம் விடப்பட்டிருந்தது.

பொது இணையத்தில் அந்த இடம் பெரிதாகப் பயன்படவில்லை. காரணம் யாருடைய நல்லெண்ணமும் கிடையாது. அவரவர் பாக்கெட்டில் அவரவரே ‘பிளாஷ்’ என்று எழுதிக்கொள்ளலாம் என்றால் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். செய்யாறு பையன் செய்ததும் அதைத்தானே. அந்தஸ்து செல்ல வேண்டுமென்றால் அதைச் சோதிக்க ஒரு வாயிற்காவலன் வேண்டும், இல்லையேல் அதற்கு விலை போட வேண்டும். 1998 டிசம்பரில் அந்தத் தலைப்பகுதி புதிதாக வரையறுக்கப்பட்டது. ராணுவப் பெயர்கள் பின்னுக்குப் போய் ‘சேவை வகுப்பு’ என்ற வணிகப் பெயர் வந்தது. படிகள் போகவில்லை.

வந்தவர் முதலில் என்ற விதியாவது நியாயமா? இங்கேதான் ஜான் நேகிள் என்பவர் முக்கியமாகிறார். 1980களில் அவர் வேலை செய்தது போர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில். மறைமலைநகரில் கார் செய்து 2022இல் நிறுத்திய அதே போர்டின் கிளை. 1985 டிசம்பரில் அவர் எழுதிய குறிப்பின் சாரம் இது: வந்த வரிசையில் அனுப்பும் ரூட்டரில், அதிகம் பாக்கெட் கொட்டுகிறவருக்கே அதிகப் பங்கு கிடைக்கும், அடக்கமாக இருப்பவர் ஏமாளி. ஒரே குழாயடியில் ஒருத்தி ஒரு குடத்தோடும் இன்னொருத்தி இருபது குடத்தோடும் நிற்பதைப் போல. வரிசை என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கும். நேகிள் சொன்ன மாற்று: ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, சுற்றிவந்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடு. அதாவது முறை. அடுத்த ஆண்டே, 1986 அக்டோபரில், பெர்க்லியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே நெரிசல் முற்றி, விநாடிக்கு 32,000 பிட் போன கம்பியில் 40 பிட் மட்டும் போனது. எண்ணூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1989இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் என்ற மூவர் நேகிளின் யோசனையைக் கணிதமாகச் செப்பனிட்டார்கள்.

முறை என்றதும் நம்மாட்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். ‘இதெல்லாம் நம்ம ஏரிப் பாசனத்துல அப்பவே இருந்துச்சு.’ இருந்தது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சீமை ஏரிகளால் ஆன நாடு. தண்ணீர் சுருங்கும்போது முறை வைத்துப் பாய்ச்சியவர்கள் இவர்கள். தலைமடைக்காரன் குடித்துத் தீர்த்தால் கடைமடை காயும் என்ற அறிவு, எந்த நெரிசல் கணிதத்துக்கும் குறைந்ததில்லை. ஆனால் முறை எதை எண்ணிக்கொண்டு போடப்பட்டது என்று கேட்டால் பெருமை கொஞ்சம் இறங்கும். ஆளை எண்ணிப் போடவில்லை. நிலத்தை எண்ணிப் போட்டார்கள். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலையை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறோம். குடத்தில் பேர் விழுவதற்கு வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். சேற்றில் இறங்கி மதகைத் திறந்து, ராத்திரியில் வாய்க்கால் காத்து, வயல் வயலாக நீரைத் திருப்பிவிட்ட ஊழியரை நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையன் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில் அழைத்தார்கள். பெரும்பாலும் தலித். வாரியத்தில் அவருக்கு இடமில்லை. பல ஊர்களில் அவருக்கு நனைய ஒரு துண்டு நிலமும் இல்லை. பாரபட்சம் பார்க்காமல் பங்கிடுவார் என்று அவரை நம்பினார்களாம், பங்கே இல்லாதவர் என்பதால். (மடையன் என்ற ஓசையில் நம்மிடம் ஒரு வசவும் இருப்பது தற்செயலாக இருக்கலாம்.)

நியாயமான பங்கீடு என்ற பேச்சு வரும்போதெல்லாம் அலகு என்ன என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். இணைய வரிசையிலும் இதே சங்கடம். தொடர்பு ஒன்றுக்கு ஒரு பங்கு என்றால் ஒரே ஆள் ஐம்பது தொடர்புகளைத் திறந்து ஐம்பது பங்கு அள்ளுவான். போன் ஒன்றுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டு போன் வைத்திருப்பவன் இரட்டை ஆள். கட்டிய காசுக்கு ஏற்ப என்றால் நிலத்துக்கு ஏற்ப முறை என்பதன் மறுபதிப்பு.

2015-16இல் நடந்த நெட் நியூட்ராலிட்டி போராட்டம் நினைவிருக்கும். 2015 மார்ச்சில் டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்கு எதிராகப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்து வெவ்வேறு டேட்டா கட்டணம் போடக்கூடாது என்று டிராய் விதி செய்தது. பேஸ்புக்கின் ‘ஃபிரீ பேசிக்ஸ்’ மூட்டை கட்டியது. 2018இல் உரிம நிபந்தனைகளிலும் பாரபட்சத் தடை சேர்க்கப்பட்டது. இது சின்ன வெற்றி இல்லை. நம் இடதுசாரி நண்பர்கள் பலர் இதை நகரத்துப் படித்த பையன்களின் விவகாரம் என்று ஒதுங்கி நின்றார்கள், அது பிழை. ஆனால் அந்த விதியிலேயே ஒரு மதகு திறந்தே இருக்கிறது: ‘சிறப்புச் சேவைகள்’ இந்தத் தடைக்குள் வராது. தானியங்கி வாகனம், தூரத்திலிருந்து அறுவை சிகிச்சை ஆகியவை அதற்குச் சொல்லப்பட்ட உதாரணங்கள். மறுக்க முடியாத உதாரணங்கள்தான், அப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். 5ஜி தொழில்நுட்பத்தில் ஒரே அலைவரிசையைத் துண்டு போட்டு, இந்தத் துண்டுக்கு இவ்வளவு தாமதத்துக்கு மேல் வராது என்று வாக்குறுதி கொடுத்து விற்க முடியும். 2022 ஜூனில் தொழிற்சாலை வளாகங்களுக்கான தனி வலையமைப்புக்கு வழிமுறைகள் வந்தன. லைட்னிங் கால் வேறு பெயரில் திரும்ப வருகிறது. இந்தமுறை லைன் அறுபடும் சத்தம்கூடக் கேட்காது.

அரசுத் தந்தியும் திரும்பியிருக்கிறது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது அவசரநிலையில் மீட்புப் பணிக்கு அனுமதி பெற்றவர்களின் செய்திகளை முன்னுரிமை கொடுத்து அனுப்ப வழி செய்யலாம் என்கிறது. வெள்ளத்தில் இது உயிர் காக்கும்; 2015 டிசம்பரில் செல்போன்கள் ஊமையான சென்னையை அறிந்தவர் யாரும் மறுக்கமாட்டார். அதே பிரிவே சேவையை நிறுத்திவைக்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது, அப்போது வேறு விதிகளின் கீழ். முன்னுரிமைப் படிக்கட்டில் ரொட்டீனுக்கும் கீழே ஒரு படி உண்டு என்பதை அங்கே கண்டோம்.

இந்தத் தொழில் தடத்துக்கு இதில் தனி இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் செல்போன் செய்ய ஆரம்பித்து 2014 நவம்பர் 1 அன்று மூடியது. ஓரகடத்தில் நோக்கியாவின் வலையமைப்புக் கருவி ஆலை இருக்கிறது. சிஸ்கோ 2024 செப்டம்பரில் பிளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தப் பக்கம் ரூட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. பாக்கெட்டின் நெற்றியைப் படித்து, நீ முன்னே போ, நீ நில் என்று சொல்லும் இயந்திரத்தை இங்கேயுள்ள கைகள் கோக்கின்றன. வேலை நேரத்தில் தங்கள் போனை உள்ளே கொண்டுபோக முடியாத ஆலைகள் இந்தத் தடத்தில் நிறைய. மதகு கட்டியவர் யார், வாரியத்தில் இருந்தவர் யார் என்ற பழைய பிரிவினை அப்படியே தொடர்வதாகச் சொன்னால் மிகை என்பார்கள். நான் சொல்வேன்.

2021 டிசம்பரை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்க விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அறைத் தோழிகளுக்கு நம்பும்படி யாரும் சொல்லவில்லை. செத்துப்போனார்கள் என்று வதந்தி கிளம்பியது. டிசம்பர் 17 இரவு சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மறுநாள் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. யாரும் சாகவில்லை, வதந்தி பொய். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. ‘வாட்சப் வதந்தி’ என்று எழுதி முடித்தவர்கள் உண்டு. அவர்கள் கையில் போன் இருந்தது, வதந்தி போகும் அளவுக்குச் சிக்னலும் இருந்தது. ரூட்டரில் எந்தப் பாக்கெட்டும் தாமதமாகவில்லை. உடம்பு சரியில்லாத தோழி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்ற செய்திக்கு ‘ரொட்டீன்’ என்று முத்திரை குத்திய வரிசை வேறு ஏதோ ஒரு அலுவலகத்தில் இருந்தது. அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்ததைப் ‘பிளாஷ் ஓவர்ரைடு’ என்று நான் வாசிக்கிறேன்: எங்கள் செய்தி போகும்வரை உங்கள் சரக்கும் போகாது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேருக்கான மகளிர் விடுதி திறக்கப்பட்டது. படுக்கை எத்தனை என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. அத்தனை பேரும் ஷிப்ட் முடிந்து ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேச உட்காரும்போது கம்பி எப்படிப் பங்கிடப்படும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்விப் பட்டியலில் குடிநீருக்கும் கக்கூசுக்கும் அடுத்தாற்போல் இதையும் சேர்க்கலாம்.

மாடி அறைக்கு நான் மறுபடியும் போனேன், கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தோழரோடு. அவர் ஹை, மீடியம், லோவைத் தொடவே இல்லை. “இது ரேங்க் பிரச்சினை இல்லீங்க, தேக்கம்” என்றார். ஒருவர் வீடியோ ஏற்றும்போது வெளியே போகும் வழி நிறைந்து, பாக்கெட்டுகள் மோடத்துக்குள் ஒரு குட்டையாகத் தேங்குகின்றன. ஒடிஷா அம்மாவுக்குப் போக வேண்டிய குட்டிப் பேச்சுப் பாக்கெட் அந்தக் குட்டையின் பின்னால் முழு விநாடிக்கும் மேல் நிற்கிறது. நினைவுச் சில்லு மலிவானதால் கம்பெனிகள் குட்டையை ஆழமாக வெட்டிக்கொண்டே போனார்கள். ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் இந்த நோயைக் கண்டு பெயரிட்டார். வான் ஜேக்கப்சனும் கேத்லீன் நிக்கல்சும் 2012இல் மருந்து எழுதினார்கள். டேவ் டாட், எரிக் டுமாசெட் போன்றவர்கள் அதை நேகிளின் முறையோடு இணைத்து இலவச மென்பொருளாகக் கொடுத்தார்கள். டாட் 2025 ஏப்ரலில் காலமானார். நம் பத்திரிகைகளில் ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

மருந்தின் சூட்சுமம் எளிது. ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை, சுற்று முறை. எந்த வரிசையிலாவது பாக்கெட் 5 மில்லிவிநாடிக்கு மேல் தொடர்ந்து தேங்கினால் சிலவற்றைத் தூக்கிப் போடு. அனுப்புகிறவன் புரிந்துகொண்டு தன் வேகத்தைக் குறைப்பான். கிளைன்ராக்கின் விதி பொய்யாகவில்லை. சுமை மாறாதபோதுதான் காத்திருப்பு மாறாது. அதிகம் கொட்டுகிறவனின் சுமை இறங்கினால் குட்டையே வற்றுகிறது. யார் முன்னால் என்று ஆறு பேரும் அடித்துக்கொண்ட முக்கால் மணி நேரத்தில், வரிசை ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

தோழர் பழைய ரூட்டர் ஒன்றில் அந்த மென்பொருளை ஏற்றி, கம்பியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வரம்பு வைத்தார். குட்டை மோடத்தில் தேங்காமல் நம் கைக்குள் இருக்க வேண்டும் என்பதற்காக. மொத்த வேகத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றதும் முகங்கள் சுருங்கின. “எவ்ளோ போவும்?” என்று திட்டக்குடிக்காரர் கேட்டார். பத்தில் ஒரு பங்கு போல என்றார் தோழர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வீடியோ அதிகம் ஏற்றுகிறவன் செய்யாறு பையன்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

“சரி, போடுங்கண்ணே” என்றான்.

ஒடிஷாக்காரர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். அன்று அவருக்கு ராத்திரி ஷிப்ட்; கம்பெனி பஸ் வர இருபது நிமிஷம் இருந்தது.